கதவு திறக்காத வீடு, ஏழு நாள் உத்தரவு: குழந்தை மதிப்பீட்டு உத்தரவு கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி

"பிள்ளை இப்பதான் தூங்கினா. இன்னொரு நாள் வாங்களேன்."

முதல் தடவை இப்படிச் சொன்னால் நம்பலாம், மூன்று வயதுப் பிள்ளை மத்தியானம் தூங்குவதில் அதிசயம் எதுவும் இல்லை. மூன்றாம் தடவையும் அதே பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து அதே வசனம் வந்தால், இங்கிலாந்தில் வேலை செய்யும் எந்தச் சமூகப் பணியாளருக்கும் வயிற்றைப் பிசையும். உள்ளே குழந்தை நன்றாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமல் எப்படிச் சொல்வது? இந்த இக்கட்டுக்காகவே எழுதப்பட்டதுதான் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 43ஆம் பிரிவு, அதாவது குழந்தையை மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லும் குழந்தை மதிப்பீட்டு உத்தரவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 அக்டோபர் 14 முதல் அமலில் இருக்கிறது. ஆனாலும் வருஷக்கணக்கில் இந்த வேலையில் இருப்பவர்களிலேயே ஒரு உத்தரவைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் நிறையப் பேர். அவ்வளவு அரிது.

அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கும், கவுன்சிலிலிருந்து (குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான உள்ளூராட்சி மன்றம்) கடிதம் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: மூன்று வயதுச் சிறுமி. கடைசியாக எடை பார்த்தது ஒன்றரை வயதில், அப்போதே ரெட் புக்கில் (பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்து வைக்கும் புத்தகம்) எடைக்கோடு இரண்டு சென்டைல் கோடுகளை (அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கோடுகள்) தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு வயதில் ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ்) செய்ய வேண்டிய பரிசோதனை நடக்கவில்லை. குழந்தை மருத்துவரிடம் மூன்று அப்பாயிண்ட்மென்ட் போட்டும் கூட்டி வரவில்லை. நர்சரியிலும் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பிள்ளை ரொம்ப மெலிந்திருக்கிறாள் என்று போன் செய்திருக்கிறார். இவ்வளவுதான் கையில் இருப்பது.

இந்த உத்தரவு எங்கிருந்து வந்தது

1980களில் பிரிட்டனில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. 1986இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் கிம்பர்லி கார்லைல் என்ற நான்கு வயதுச் சிறுமி வீட்டிலேயே கொல்லப்பட்டாள். சாவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போன சமூகப் பணியாளரால் அவளை நேரில் பார்த்துப் பேசவோ பரிசோதிக்கவோ முடியவில்லை. கதவின் மேல்பக்கம் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கையில்தான், குழந்தையைப் பிரித்துக்கொண்டு போகாமல் பரிசோதனைக்கு மட்டும் கொண்டுவரச் செய்யும் ஒரு உத்தரவு வேண்டும் என்ற யோசனை முளைத்தது. அதே 1987இல் கிளீவ்லாந்தில் தலைகீழாக நடந்தது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சில மாதங்களில் 121 குழந்தைகளை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள், பலரை வீட்டிலிருந்து எடுத்தார்கள், பெரும்பாலோர் பிற்பாடு வீடு திரும்பினார்கள். ஒரு பக்கம் தலையிடாமல் போன உயிர், இன்னொரு பக்கம் அளவுக்கு மீறிய தலையீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியாக 43ஆம் பிரிவு வந்தது. இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் நிபந்தனைகள் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று தானாகவே புரியும்.

படி 1: தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உறுதியாகத் தெரிந்தது, யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில். வலப்பக்கம் தெரியாதது. நம் சிறுமி விஷயத்தில் இடப்பக்கம் ஐந்தாறு வரிதான் வரும். வலப்பக்கம்: இப்போது எடை என்ன, உயரம் என்ன, பேசுகிறாளா, மெலிவுக்கு நோய் காரணமா, சாப்பாடு கொடுக்காதது காரணமா, அல்லது பிறவியிலேயே சின்ன உடல்வாகா.

வலப்பக்கம் இருப்பதை ஒரு மருத்துவரோ உளவியலாளரோ குழந்தையை நேரில் பார்த்தால் கண்டுபிடித்துவிட முடியும் என்றால், நீங்கள் சரியான உத்தரவைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால், அதாவது தீங்கு நடக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டால், மதிப்பீட்டு உத்தரவு கேட்டு நாளைக் கடத்த வேண்டாம், அதற்கு வேறு உத்தரவுகள் இருக்கின்றன. நான் பார்த்தவரை பலரும் சறுக்குவது இங்கேதான். பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்ற எரிச்சலை 'தெரியாதது' பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஒத்துழைக்காதது கவலைக்குரிய விஷயம்தான், சரி, ஆனால் மதிப்பீடு செய்து கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி அல்ல.

குறிப்பெழுதும்போது ஒரு சின்ன விஷயம். அப்பாயிண்ட்மென்டுக்கு 'வரவில்லை' என்று எழுதுவதை இங்கே பல மருத்துவமனைகள் விட்டுவிட்டன, 'அழைத்து வரப்படவில்லை' என்றுதான் எழுதுகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை தானாகவா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும்? வார்த்தையை மாற்றினால் பொறுப்பு யாருடையது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

படி 2: இன்று ராத்திரி குழந்தை பத்திரமாக இருக்குமா?

இந்தக் கேள்விக்கு 'இருக்காது' என்றோ 'சொல்ல முடியாது, பயமாக இருக்கிறது' என்றோ பதில் வந்தால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு மேலாளருக்கும் கவுன்சில் வக்கீல்களுக்கும் போன் போடுங்கள். 44ஆம் பிரிவின் அவசரப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது, 8 நாள் வரை செல்லும், இன்னும் 7 நாள் நீட்டிக்கலாம். உயிருக்கே ஆபத்து என்றால் போலீஸ் 46ஆம் பிரிவின் கீழ் 72 மணி நேரம் வரை குழந்தையைப் பாதுகாப்பில் எடுக்கலாம். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: அவசர உத்தரவுக்கான காரணம் இருந்து அதையே போட வேண்டிய நிலைமையாகவும் இருந்தால், நீதிமன்றம் மதிப்பீட்டு உத்தரவைப் போடவே கூடாது. நீங்கள் சின்னதைக் கேட்டுப் போனாலும் உங்கள் விண்ணப்பத்தையே அவசர உத்தரவுக்கான விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருக்கும்போது அவசர உத்தரவு வாங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. 2004இல் நீதிபதி மன்பி ஒரு தீர்ப்பில் இதைக் கறாராகவே சொல்லிவிட்டார்: உண்மையான நோக்கம் மதிப்பீடுதான் என்றால், அதே காரியத்தை 43ஆம் பிரிவின் மூலம் அளவோடு சாதிக்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். அவசர உத்தரவு கேட்கப் போகும் ஒவ்வொரு வழக்கிலும் 'ஏன் மதிப்பீட்டு உத்தரவு போதாது' என்ற கேள்வி உங்களை நோக்கி வரும். பதிலோடு போங்கள்.

அரசின் வழிகாட்டுதல் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது. திடீரென்று வந்த பலத்த காயம் போன்றவற்றுக்கு இந்த உத்தரவு பொருந்தாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும் தீங்குக்குத்தான் இது: வளர்ச்சிக் குறைவு, நாள்பட்ட புறக்கணிப்பு, மனரீதியான வதை, இப்படி. நம் சிறுமி இந்த வகைதான். ஒன்றரை வயதில் எடுத்த எடை கவலை தருகிறது, ஆனால் இன்றைக்கே மயங்கி விழுவாள் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

படி 3: கேட்டுப் பார்த்தீர்களா, உண்மையாகவே?

நீதிபதி கட்டாயம் கேட்பார். 'மூன்று முறை போனோம், கதவு திறக்கவில்லை' என்பது முயற்சி ஆகாது. எந்த நேரத்தில் போனீர்கள்? அம்மா நைட் ஷிப்ட் வேலை பார்ப்பவரா? கடிதம் இங்கிலீஷில் மட்டும் போனதா? மருத்துவமனை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்திலா? மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் நேரத்தில் அப்பாயிண்ட்மென்ட் போட்டால் யாரால் போக முடியும்?

இங்கே நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு அதே வட்டாரத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போனால், விஷயம் கோயில் வரைக்கும் போய்விடுமோ என்ற பயத்திலேயே அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அதை மறுப்பு என்று எழுதிவிடக்கூடாது. வேறு ஊர் மொழிபெயர்ப்பாளரை போனில் பிடியுங்கள். உறவினரையோ வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்கவே வேண்டாம்.

உண்மையான முயற்சி என்றால் இப்படி இருக்கும்: எதற்காகக் கவலைப்படுகிறோம் என்று நேராகச் சொல்வது, பெற்றோர் நம்பும் ஜி.பி.யிடமே (குடும்ப மருத்துவர்) காட்டலாமா என்று கேட்பது, வாகனம் ஏற்பாடு செய்வது, பெண் மருத்துவர் வேண்டுமா என்று கேட்பது, ஒரு பாட்டியையோ அத்தையையோ கூட வரச் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், அவர்கள் சொன்ன பதில். பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'தாய் எதிர்ப்புத் தெரிவித்தார்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'போன தடவை ஆஸ்பத்திரியில் என்னை எல்லார் முன்னாலும் திட்டினார்கள், இனி வரமாட்டேன்' என்று எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த உத்தரவு அரிதாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் படிதான் என்பது என் கணிப்பு. ஒழுங்காகக் கேட்டால் பெரும்பாலான பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்கள். கேட்டும் ஒத்துக்கொள்ளாமல், ஆனால் அவசரமும் இல்லாமல், நடுவில் நிற்கும் வீடுகள் கொஞ்சம்தான்.

படி 4: 47ஆம் பிரிவு விசாரணை

கணிசமான தீங்கு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வந்தவுடன் கவுன்சில் 47ஆம் பிரிவின் கீழ் விசாரித்தே ஆக வேண்டும், அது விருப்பம் அல்ல. குறைந்தபட்சம் சமூக சேவை, போலீஸ், சுகாதாரத் துறை மூன்றும் உட்கார்ந்து பேசும் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் குழந்தை மருத்துவரை எப்படியாவது பேச வைத்துவிடுங்கள், ஏனென்றால் படி 6இல் நமக்குத் தேவைப்படும் திட்டத்தின் விதை அவர் வாயிலிருந்துதான் வரும்.

பலர் மறந்துவிடும் ஒரு உட்பிரிவு இங்கே இருக்கிறது, 47(6). விசாரணையின்போது குழந்தையைப் பார்க்கவிடாமல் மறுத்தாலோ, எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மறுத்தாலோ, கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். அவசர உத்தரவு, மதிப்பீட்டு உத்தரவு, பராமரிப்பு உத்தரவு (குழந்தையைக் கவுன்சிலின் பராமரிப்பில் விடுவது), மேற்பார்வை உத்தரவு (குழந்தையைக் கவுன்சிலின் மேற்பார்வையில் வைப்பது), இவற்றில் ஒன்றைக் கேட்க வேண்டும். போகாமல் இருக்கலாம், ஆனால் அப்படிப் போகாமலே குழந்தையின் நலனைத் திருப்தியாகப் பாதுகாக்க முடியும் என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த முடிவையும் காரணத்தோடு கோப்பில் எழுத வேண்டும். சும்மா இன்னொரு விசிட் போட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவதற்கு இந்த உட்பிரிவில் இடம் இல்லை.

படி 5: மூன்று கேள்விகள்

கவுன்சில் வக்கீல்களோடு நடக்கும் கூட்டத்தில் கடைசியில் எல்லாம் இந்த மூன்றுக்கு வந்து நிற்கும், மூன்றுக்கும் ஆம் என்று பதில் வர வேண்டும்.

முதலாவது: குழந்தை கணிசமான தீங்கை அனுபவிக்கிறது, அல்லது அனுபவிக்கக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறதா? சட்டத்தில் ஒரு ஏணி இருக்கிறது. 43இலும் 47இலும் 'சந்தேகிக்க' நியாயமான காரணம் போதும். அவசர உத்தரவுக்கு 'நம்ப' நியாயமான காரணம் வேண்டும். கடைசியில் பராமரிப்பு உத்தரவுக்குத் தீங்கு நிரூபணமாக வேண்டும். ஆக இது மிகக் கீழ்ப்படி. தீவிரவாதக் கருத்துகளுக்குப் பிள்ளைகள் ஆளாகிறார்களோ என்ற கவலையில் ஒரு கவுன்சில் கேட்ட உத்தரவைக் கீழே மறுத்துவிட்டார்கள். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இந்தப் பிரிவு அந்த மட்டத்தில் விரிவாக அலசப்படுவது அபூர்வம் என்பதால் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிப்பது நல்லது. கீழ்ப்படி என்பதற்காக வெறும் வதந்தியோடு ஏற முடியாது, காரணம் 'நியாயமானதாக' இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் போன் மட்டும் இருந்தால் நான் போகமாட்டேன். எடைக்கோடும் தவறிய அப்பாயிண்ட்மென்ட்களும் அதோடு சேர்ந்து நின்றால் போவேன்.

தீங்கு என்பதன் பொருள் 31ஆம் பிரிவில் இருக்கிறது: வதை, அல்லது உடல்நலமோ வளர்ச்சியோ கெடுவது. வீட்டில் இன்னொருவர் அடிபடுவதைப் பார்ப்பதாலும் கேட்பதாலும் வரும் பாதிப்பும் 2005இலிருந்து இதில் சேர்ந்தது. வளர்ச்சி என்று வரும்போது அதே மாதிரியான இன்னொரு குழந்தையோடு ஒப்பிட வேண்டும், அதனால் அம்மா அப்பா இருவருமே குட்டையா, பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா என்பதெல்லாம் விசாரித்து வைத்திருங்கள்.

இரண்டாவது: தீங்கு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க மதிப்பீடு தேவையா? படி 1இல் போட்ட வலப்பக்கப் பட்டியல் அப்படியே இங்கே வந்து உட்காரும்.

மூன்றாவது: உத்தரவு இல்லாமல் அந்த மதிப்பீடு நடக்கவோ, உருப்படியாக நடக்கவோ வாய்ப்பு குறைவா? படி 3இன் குறிப்புகள் இதற்கு. 'உருப்படியாக' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பெற்றோர் குழந்தையை ஐந்து நிமிடம் ஜி.பி.யிடம் காட்டி 'நன்றாக இருக்கிறாள்' என்று ஒரு வரிக் கடிதம் வாங்கி வந்தாலும், உங்கள் கேள்விக்கு அது விடை ஆகாது.

மூன்றும் இருந்துவிட்டால் உத்தரவு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் நலனே முதன்மை, உத்தரவு போடுவது போடாமல் இருப்பதைவிட நல்லது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், குடும்பத்தின் தனி வாழ்வில் தலையிடுவதும் அளவோடு இருக்க வேண்டும். பரிசோதனையே சில குழந்தைகளுக்கு வதை. முன்பே நான்கு மருத்துவர் பார்த்த பிள்ளையை ஐந்தாவது மருத்துவரிடம் காட்ட உத்தரவு கேட்பது சரியா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

படி 6: ஏழு நாள்

என்னைக் கேட்டால் முழு முடிவும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

உத்தரவில் மதிப்பீடு எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தத் தேதியைச் சேர்த்து அதிகபட்சம் 7 நாள். நீட்டிப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டீர்கள் என்றால் சனி, ஞாயிறு கைவிட்டுப் போகும், திங்கட்கிழமை பேங்க் ஹாலிடேயாக வேறு இருந்தால் செவ்வாய், புதன், வியாழன்தான் மிச்சம். திங்கட்கிழமை தொடங்கினால் ஐந்து வேலைநாள். தேதியை நீங்கள்தான் முன்மொழியப் போகிறீர்கள், அதனால் மருத்துவரின் நாட்குறிப்பைப் பார்த்துவிட்டு முன்மொழியுங்கள். உத்தரவு வாங்கிய பிறகு மருத்துவரைத் தேடி அலைந்தால் ஏழு நாளும் தேடலிலேயே கரைந்துவிடும், கேட்டது வீணாகும்.

நம் சிறுமிக்குத் திட்டம் இப்படிப் போகலாம். திங்கள் காலை குழந்தை மருத்துவர்: எடை, உயரம், தலைச் சுற்றளவு, முழு உடல் பரிசோதனை, ரத்தம் எடுப்பது. செவ்வாய் வளர்ச்சி மதிப்பீடு: பேச்சு, நடை, விளையாட்டு. புதன் வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டின்போது உணவியல் நிபுணரோடு போய்ப் பார்ப்பது, யார் ஊட்டுகிறார்கள், என்ன ஊட்டுகிறார்கள், பிள்ளை எப்படி எதிர்கொள்கிறாள் என்று. வியாழன் சமூகப் பணியாளர் பெற்றோரோடு நீண்ட உரையாடல். வெள்ளி, விட்டுப்போனதை முடிக்க. ரத்தப் பரிசோதனையின் முடிவு ஏழு நாளுக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. குழந்தையைக் கொண்டுவர வைப்பதற்குத்தான் கெடு, அறிக்கை எழுதுவதற்கு இல்லை.

ராத்திரி தங்க வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள், ஆனால் ரொம்பவே தயக்கத்தோடு. மதிப்பீட்டுக்கு அவசியம் என்றால் மட்டும், உத்தரவில் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் குழந்தையை வீட்டைவிட்டு வெளியே வைக்கலாம், அப்போது பெற்றோர் எப்போது வந்து பார்க்கலாம் என்பதையும் நீதிமன்றமே சொல்லும். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் எடை ஏறுகிறதா என்று பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இரண்டு நாளில் எடை ஏறுவதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் அந்தக் கோரிக்கையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு ஏழு நாளில் விடை கிடைக்காது என்று நிபுணரே சொன்னால்? உதாரணமாக நீண்டகாலக் குடும்ப உறவு மதிப்பீடு, பெற்றோரின் மனநலம். அப்படியென்றால் இது உங்களுக்கான உத்தரவு அல்ல. கோர்ட்டில் வழக்குப் போடுவதற்கு முந்தைய கட்டத்தில் வக்கீல்களோடு ஒப்பந்தம் போட்டு மதிப்பிடலாம், அல்லது பராமரிப்பு உத்தரவு கேட்டு 31ஆம் பிரிவு வழக்குப் போட்டு அதற்குள் 38(6) வழியாக மதிப்பீடு கேட்கலாம்.

படி 7: பிள்ளையே மாட்டேன் என்றால்

மூன்று வயதில் இந்தப் பிரச்சினை இல்லை. பதிமூன்று வயதில் இருக்கிறது. விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் முதிர்ச்சி உள்ள பிள்ளை, நீதிமன்றம் என்ன சொன்னாலும், மருத்துவப் பரிசோதனையையோ மனநல மதிப்பீட்டையோ மறுக்கலாம் என்று 43(8) நேரடியாகவே சொல்கிறது. வயது வரம்பு எதுவும் எழுதவில்லை, புரிதல்தான் அளவுகோல். ஆகவே உத்தரவுக்குப் போகும் முன்பே பிள்ளையிடம் பேச வழி பாருங்கள், பள்ளிக்கூடத்தில் பார்க்கலாம். பள்ளிக்குத் தினமும் வரும் பிள்ளை, ஆசிரியரிடம் பேசுகிற பிள்ளை என்றால், இந்த உத்தரவு தேவையா என்பதே கேள்விக்குறி.

படி 8: விண்ணப்பம்

கேட்கக்கூடியவர்கள் இருவர்தான்: கவுன்சில், அல்லது சட்டப்படி அதிகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனமான என்.எஸ்.பி.சி.சி. குடும்ப நீதிமன்றத்தில் சி1 படிவம், அதோடு சி16. அவசர உத்தரவை எதிர்த்தரப்புக்குத் தெரியாமல்கூட வாங்கலாம். இது அப்படி அல்ல. பெற்றோர், பெற்றோர் பொறுப்பு (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உள்ள மற்றவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், குழந்தை, எல்லோருக்கும் விசாரணைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தெரிந்தவுடன் குழந்தையோடு ஊரைவிட்டே போய்விடுவார்கள் என்ற பயம் வந்தால் படி 2க்குத் திரும்புங்கள், நிலைமை மாறிவிட்டது. நீதிமன்றம், குடும்ப வழக்குகளில் குழந்தையின் நலனைப் பார்க்கும் காஃப்காஸ் அமைப்பிலிருந்து, குழந்தைக்காகப் பேச ஒரு கார்டியனை நியமிக்கும், வேல்ஸில் என்றால் காஃப்காஸ் சிம்ரு. அவர் உங்கள் திட்டத்தைத் துருவித் துருவிக் கேட்பார்.

ஒரு தடவைதான் வாய்ப்பு என்று நினைத்துப் போங்கள். விண்ணப்பம் முடிந்து ஆறு மாதம் வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் இன்னொன்று போட முடியாது.

ஸ்காட்லாந்தில் வேலை செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2011ஆம் ஆண்டின் வேறு சட்டம், ஷெரிஃப் போடுவார், அதிகபட்சம் மூன்றே நாள்.

படி 9: உத்தரவு கையில் வந்த பிறகு

கிடைப்பது என்ன? குழந்தையைப் பெயர் குறிப்பிட்ட நபரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டிய கடமை பெற்றோருக்கு வருகிறது, மதிப்பீடு செய்பவருக்கு அதைச் செய்யும் அதிகாரம் வருகிறது. கிடைக்காதது இன்னும் முக்கியம். பெற்றோர் பொறுப்பு கவுன்சிலுக்கு வராது. சிகிச்சைக்கு அனுமதி ஆகாது, இரும்புச் சத்து குறைவு என்று தெரிந்தால் மருந்து கொடுக்கப் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். கதவை உடைத்து உள்ளே போகும் அதிகாரமும் இதில் இல்லை. உத்தரவு இருந்தும் குழந்தையைக் காட்டவில்லை என்றால் அடுத்தது பெரும்பாலும் அவசர உத்தரவுதான், ஏனென்றால் நீதிமன்றம் சொல்லியும் மறைக்கிறார்கள் என்பதே இப்போது புதிய கவலை. அந்த மாற்றுத் திட்டம் திங்கட்கிழமைக்கு முன்பே யார் கையிலாவது தயாராக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் எதுவும் இல்லை என்று வந்தால் அதையும் பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தில் இரண்டு வரி போட்டுக் கோப்பை மூடிவிடுவது நடக்கிற விஷயம்தான், எனக்கு அது பிடிப்பதில்லை.

கடிதம் கிடைத்த பெற்றோருக்கு

பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். இந்த வழக்கில் பெற்றோருக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம், சேமிப்பு எதையும் பார்க்கமாட்டார்கள். குழந்தைகள் சட்டத்தில் அனுபவமுள்ள ஒரு சொலிசிட்டரை அன்றைக்கே பிடியுங்கள். யார் பரிசோதிப்பார்கள், என்னென்ன செய்வார்கள், ரத்தம் எடுப்பார்களா, நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள், இவை நியாயமான கேள்விகள், கேட்டதற்காக யாரும் உங்களைத் தவறாக எழுத முடியாது. அவர்கள் சொல்லும் மருத்துவர் வேண்டாம் என்றால் வேறு மருத்துவரைச் சொல்லுங்கள். பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொந்தக்காரர் யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சாதாரணமாக முடிய வேண்டிய விஷயம் அப்போதுதான் பெரிதாகும்.

கடைசி நேர போன்

படிவம் நிரப்பி, மருத்துவரின் தேதியும் வாங்கி, வக்கீல் நோட்டீஸ் போன மறுநாள் சாயங்காலம் போன் வரும். நம் சிறுமியின் அம்மாதான். "சரி, திங்கட்கிழமை கூட்டிட்டு வர்றேன். கோர்ட் எல்லாம் வேண்டாம்." இது நிறைய நடக்கிறது. உத்தரவுகள் அரிதாக இருப்பதற்கு நான் சொன்ன மற்றப் பாதிக் காரணம் இதுதான். நன்றி சொல்லுங்கள், உண்மையாகவே சொல்லுங்கள். அதே ஐந்து நாள் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து எழுத்தில் போட்டு, அவருடைய வக்கீலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். திங்கள் காலைக்கு டாக்சி ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் விண்ணப்பத்தை அன்றைக்கே திரும்பப் பெற வேண்டாம். விசாரணைத் தேதி அப்படியே இருக்கட்டும், சிறுமி தராசில் ஏறி நின்று, வெள்ளிக்கிழமை வேலையும் முடிந்த பிறகு வக்கீலிடம் சொல்லிக்கொள்ளலாம்.